பூதத்தின் கழுத்துப் பை

மார்ச் 2, சனி

அன்புள்ள பூதம்,

வாலை ஆட்டாமல் கேள். உன் அப்பாவும் நானும் பிரிந்து பேச்சு நின்றபிறகு, நாயான உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. போன வாரம் அவர் வீட்டிலிருந்து வந்தாய். நாலு காலும் நாலு பக்கம் போனது. உன் வலிப்பு மாத்திரை வேளைக்கு ஒன்றுதான் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கொடுத்ததை மறந்து அந்த மனுஷன் இன்னொன்றையும் உன் வாயில் தள்ளியிருப்பார். இன்னொரு தடவை தள்ளாடி வந்தாயோ, அதோடு சரி, அந்த வீட்டுப் பக்கமே உன்னை அனுப்ப மாட்டேன். உன்னை அங்கே கொண்டுபோக ஆட்டோக்காரர் வந்துவிட்டார், இதை உன் கழுத்துப் பையில் வைக்கிறேன். போய் வா.

உன் அம்மா

மார்ச் 3, ஞாயிறு

டேய் பூதம்,

உங்கம்மாவிடம் சொல், சத்தியமாக ஒன்றுக்கு மேல் கொடுக்கவில்லை. டெப்போவில் பஸ்ஸுக்கு எண்ணெய் அளந்து ஊற்றுகிறவனுக்கு ஒரு மாத்திரை எண்ணத் தெரியாதா? நேற்று இங்கேயும் நீ படியில் உருண்டாய். உடனே டாக்டரம்மாவிடம் ஓடினேன். ரத்தத்தில் மருந்து சரியான அளவில்தான் இருக்கிறதாம். கேட்டாயா? சோறுதான் ரெண்டு கரண்டி கூட வைத்தேன், அதற்கு வேண்டுமானால் என்னைத் தூக்கில் போடட்டும். உன் பாதம் ஏன்டா வீங்கியிருக்கு? உன்னைப் பார்க்க விடாமல் மட்டும் செய்துவிட வேண்டாம் என்று சொல்.

உன் அப்பா

மார்ச் 16, சனி

பூதத்தின் அப்பாவுக்கு,

இது உங்களுக்குத்தான்.

போன வாரம் அவனை அனுப்பாமல் என் கையாலேயே மாத்திரை கொடுத்தேன். அப்பவும் விழுந்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். "அளவு சரின்னா ஏன் இப்படி ஆடறான்?" வீங்கிய பாதத்தையும் காட்டினேன். மறுபடி எல்லாம் பார்த்தார்கள்.

அவன் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்திலுள்ள புரதத்தைச் சிறுநீரில் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது, பாத வீக்கமும் அதனால்தான். மாத்திரை மருந்தில் பாதிக்குமேல் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்குமாம். மீதிதான் மூளைக்குப் போய் வேலை செய்யும். ஒட்டிக்கொள்ளப் புரதம் இல்லாததால் ஏகப்பட்ட மருந்து அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளியிருக்கிறது. முதலில் எடுத்த டெஸ்ட் ஒட்டியதையும் ஒட்டாததையும் சேர்த்தே எண்ணியதால் இது தெரியவில்லை.

மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்கள், சிறுநீரகத்துக்கும் மருந்து உண்டு. இன்று காலை மூன்று மாடியும் ஒரே ஓட்டமாக ஏறி, நான் தைத்த ரவிக்கையைக் கவ்விக்கொண்டு ஓடினான்! கத்திக்கொண்டே சிரித்தேன். பிழைத்துவிட்டான்ங்க நம்ம பிள்ளை!

நீங்கள் சரியாகத்தான் கொடுத்தீர்கள். நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

நான்தான்

மார்ச் 17, ஞாயிறு

பூதத்தின் அம்மாவுக்கு,

"நம்ம பிள்ளை" என்ற இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். டெப்போ முழுக்க மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. பூதம் என் செருப்பில் ஒன்றைத் தின்றுவிட்டான், தின்னட்டும், மகராசன்!

மாத்திரையைப் பாதியாக வெட்ட உன் துணிக் கத்தரியை எடுக்காதே, மழுங்கிவிடும். அந்த வேலையை எனக்கு விடு.

ஆட்டோக்காரரை இன்று வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வழக்கம்போல் கடிதம் கழுத்துப் பையில்தான் இருக்கும். படித்து முடித்ததும் அவன் கயிற்றை யார் பிடித்திருக்கிறார் என்று கொஞ்சம் நிமிர்ந்து பார்.