நஸீமா வைத்த முன்பல்

பல் பார்க்கும் கதிரைக்குப் பக்கத்தில் நின்று இன்னும் என்னோடு வாதாடிக்கொண்டிருக்கும் அன்பின் நஸீமா,

உன் மகள் ரிஸ்னாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். நேற்று மடவளையிலிருந்து பஸ் ஏறி, கண்டியில் நாம் சேர்ந்து நடத்திய பல் கிளினிக்குக்குத் தனியாக வந்தாள். சின்னதில் விழுந்து உடைத்துக்கொண்ட முன்பல்லை நீதானே பல் நிறக் கொம்போசிட் பசை வைத்து நிரப்பினாய்? அதன் ஓரத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது.

"பொலிஷ் மட்டும் பண்ணுங்க ஆன்டி. உம்மா வெச்சத எடுக்க வாணாம்" என்றாள். நீ கண்மூடிய பிறகு உன் கைவேலை என்று அவளிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

பொலிஷ் பண்ணினேன். மேலே பளபளத்தது, கோடு மட்டும் போகவில்லை. ஈறோரமாக நிரப்பு பல்லைவிட்டு இலேசாக விலகியிருந்தது. அப்படியே அனுப்பினால் கல்யாணப் படங்களுக்குப் போதும். உள்ளே சொத்தை பிடிக்கும். பளபளப்பைக் காட்டி ஆளை அனுப்பியிருந்தால் நீ என்னைச் சும்மா விடுவாயா?

"ஓரத்த கொஞ்சம் வெட்டணும்மா. முழுசா எடுக்காமப் பாக்கிறேன். ஆனா கழண்டுட்டா என்னைக் கோவிச்சுக்கக் கூடாது" என்றேன். அவள் கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

கெட்ட ஓரத்தை மட்டும் சுரண்டினேன். ஒரு மயிரிழை தவறினாலும் உன் வேலை மொத்தமாகக் கழன்று வந்துவிடும். நீ பாட்டுக்குப் போய்விட்டாய், அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியது நானல்லவா? உன்மேல் கோபம் கோபமாக வந்தது. வெட்டிய இடத்தில் புதிதாக வைத்து, நீல ஒளியில் இறுக்கினேன்.

பிறகுதான் பெரும்பாடு. புதியது துளி உயர்ந்திருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். அழுத்தித் தேய்த்தால் சூடேறிப் பல் நோகும். தேய்க்கும் கரடான டிஸ்க், கழுவல், அதைவிட மென்மையான டிஸ்க், மறுபடி கழுவல், கடைசியில் ரப்பர் கிண்ணமும் பொலிஷ் பசையும். அவசரக்காரி நான் ஒன்றையும் தாண்டிப் போகவில்லை என்றால் நம்புவாயா?

ரிஸ்னா நாக்கால் தடவிப் பார்த்தாள். மறுபடி தடவினாள். அழுகை வந்துவிட்டது.

"உம்மாட எது, உங்கட எது ஆன்டி? வெளங்குதில்லயே."

காட்டலாமென்று விளக்கைச் சாய்த்துக் குனிந்தேன். எனக்கும் தெரியவில்லை, நஸீமா.

ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் நிற்பேன். வருஷா வருஷம் கூப்பிட்டு அந்தப் பல்லைப் பார்ப்பேன். கோடு விழுந்தால் மறைக்க மாட்டேன்.

உன் மகளுக்கு ஆன்டியும் உனக்குச் சண்டைக்கார அக்காவுமான,
புவனா