கடைசி எழுத்தைச் சிறுசாக்கின உங்கப்பா

அன்பு மகன் ராம்கிக்கு அம்மா செல்வலட்சுமி எழுதுறது. இங்க நானும் உங்கப்பாவும் தங்கச்சி காளீஸ்வரியும் புதுசாப் பொறந்த கன்னுக்குட்டியும் எல்லாரும் சொகம்தான். அந்தப் பனிமலையில பட்டாளத்துல நீயும் ஒங்கூட இருக்க பிள்ளைகளும் காய்ச்சல் சளி இல்லாம இருக்கியளான்னு ஒரு வரியாவது எழுதிப் போடு. போன தடவ போன்ல நான் வாயத் திறந்ததும் கட்டாயிருச்சு, பொறவு எம்புட்டு அடிச்சும் கெடைக்கல. நான் சொல்ல வந்த சேதி நாலு வார்த்தையில அடங்குறதும் இல்ல, அதான் காளீஸ்வரி நோட்டுல தாளக் கிழிச்சு வாங்கிட்டு உக்காந்துட்டேன். சேதி என்னன்னா, உங்கப்பா கூட்டத்துல பேசிட்டாக. உங்கப்பாதான்யா, வேற யாரும் இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல, அதிகாரிக முன்னால, மைக்கப் பிடிச்சு. நீ நம்ப மாட்டன்னு எனக்குத் தெரியும், அதனால மொதல்ல இருந்தே வாரேன். கடுதாசிங்கிறதால நீ குறுக்க பேசவும் முடியாது, நல்லதாப் போச்சு.

இந்த வருசம் பிளவக்கல் அணையில தண்ணி திறந்ததும் ஊரே நம்பி நட்டுச்சு, நாமளும் ஒன்றரை ஏக்கரையும் நட்டோம். மொதத் தண்ணி வந்துச்சு. ரெண்டாவது முறை வரும்போது மேக்க உள்ளவுக ஆளாளுக்கு மடையத் திறந்து வச்சுக்கிட்டாக, கடைமடையில இருக்க நம்ம சுந்தரபாண்டியம் காட்டுக்கு வாய்க்கால்ல ஈரம்கூட வந்து சேரல. நெல்லுப் பயிரு கதிரு தள்ளப் பொதி கட்டுற நேரம், இப்பத் தண்ணி இல்லைன்னா பொறவு வந்து என்னத்துக்கு, மாட்டுக்கு அறுத்துப் போட்டுட்டு வர வேண்டியதுதான். வயல்ல விழுந்த வெடிப்புல என் சுண்டுவிரலு உள்ள போச்சுய்யா, வெரல உட்டுப் பார்த்துட்டு அங்கனயே உக்காந்துட்டேன். இன்னும் பத்து நாளு தாங்குனா அதிகம்னு உங்கப்பா சொன்னாக. மனு மேல மனு குடுத்தாச்சு. இப்பப் புதுசா வந்திருக்க இன்ஜினியரு, கூட்டத்துல எல்லாரும் ஒரே சமயத்துல சத்தம் போட்டா எனக்கு ஒண்ணும் வெளங்கல, ஊருக்குப் பத்து நிமிசம் தாரேன், போட்டோவும் வெவரமும் வச்சு சிலைடு போட்டுக் காட்டுங்கன்னு சொல்லிட்டாரு. நம்ம விவசாயச் சங்கத் தலைவரு சீனிச்சாமி மாமா, பேசுறத நான் பாத்துக்கிடுதேன், அந்தச் சிலைட யாரு செய்றதுன்னு கேட்டிருக்காக. உங்கப்பா கையத் தூக்கியிருக்காக. எனக்கு அப்பவே காரணம் தெரிஞ்சு போச்சு, அது வாய் தேவப்படாத வேல. அவியளுக்கு நாக்கு திக்கும்ங்கிறது ஊருக்கே தெரியும், ஒரு வரியச் சொல்லி முடிக்கதுக்குள்ள கூட நடக்கவுகளுக்கு ஒரு வரப்பு முடிஞ்சு போகும். அதனால சங்கத்துல இம்புட்டு வருசமாக் கடைசி வரிசையில உக்காந்துட்டு வாறதோட சரி.

பிளஸ் டூ படிக்கும்போது ஒனக்குக் குடுத்தாகளே லேப்டாப்பு, பரண்ல துணி சுத்தி வச்சிருந்தேன், அத எறக்கித் தொடச்சு எடுத்துக்கிட்டு நேரா ஒங்கூடப் படிச்ச ஜெபக்குமாரு கடைக்குப் போயிட்டாக. அவன் இப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட பிளெக்ஸ் கடை போட்டு நல்லாருக்கான். மூணு நாளு காலையில போயி அவன் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து கத்துக்கிட்டு வந்தாக. எழுத்துக்கு நிழல் குடுக்கலாமாம், எழுத்து தண்ணியில தெரியிற மாதிரி கீழ தலகீழாத் தெரிய வைக்கலாமாம், சுத்தி வெளிச்சம் விடலாமாம், வில்லு மாதிரி வளைக்கலாமாம், அலை மாதிரி நெளிய விடலாமாம், அதுக்கெல்லாம் வேர்டு ஆர்ட்டுன்னு பேராம். வீட்டுக்கு வந்ததும் வாசல்ல கட்டிலப் போட்டு லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு ஒரு எழுத்தப் பிடிச்சு இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டே இருந்தாக. கல்யாணமான புதுசுல என் மூஞ்சியக்கூட அம்புட்டு நேரம் பார்த்தவுக இல்ல. மொதல்ல செஞ்ச பக்கத்தப் பாத்தா எனக்குக் கண்ணு கூசிப் போச்சு, ஒரு எழுத்து பச்சை ஒரு எழுத்து ரோஸு, எல்லாத்துக்கும் தங்கக் கரை, அதுக்கு மேல செவப்பு வெளிச்சம், பொங்கலுக்குக் கோயில்ல சீரியல் செட்டு போட்ட மாதிரி. காளீஸ்வரிக்கு ராஜபாளையம் மில்லு ஆபீசு வேலையில வாரத்துக்கொருக்க மேனேஜர்க காட்டுற சிலைடப் பாத்துப் பழக்கம், அவ பாத்துட்டு, அப்பா, ஒரு பக்கத்துக்கு ஒரு அலங்காரம் போதும், அலங்காரத்தப் பாத்துட்டு விசயத்த விட்டுருவாகன்னு சொன்னா. அவியளுக்குக் கோவம், லேப்டாப்ப மூடி வச்சுட்டுச் சாப்பிட உக்காந்தாக. சாயங்காலம் பாத்தா ஒவ்வொண்ணாக் கழட்டிக்கிட்டு இருக்காக, நிழலு, கரை, வெளிச்சம், எல்லாம். ஆசைப்பட்டுப் போட்டத தன் கையாலே எடுக்கதுக்கு ஒரு மனசு வேணும்யா, எனக்கு அது அன்னைக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

ஆனா ஒரு பக்கத்த மட்டும் கழட்ட மறந்துட்டாக, வினை அங்கதான் வந்துச்சு. தலைவருக்கு மரியாதையா ஒரு பக்கம் வேணும்னு, கறுப்புக் கலர்ல பின்னணி போட்டு, நடுவுல சீனிச்சாமி மாமா போட்டோ, போட்டோவுக்கு மேல அவரு பேரு வெள்ளை எழுத்துல வில்லா வளைஞ்சு, சுத்தி லேசா வெளிச்சம். அவியளச் சொல்லியும் குத்தமில்ல, ஜெபக்குமாரு கடையில மூணு நாளும் கண்ணு முன்னால ஓடுன வேல அம்புட்டும் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுதான். அந்த மாடல்தான் கையில ஒட்டிக்கிடுச்சு. ஒரு வார்த்த கேக்காம, கீழ ஒண்ணும் எழுதாம, காலங்காத்தால சங்கத்து வாட்சப்புல போட்டு விட்டுட்டாக. எட்டு மணிக்கெல்லாம் மம்சாபுரத்துல இருந்து சங்கத்து ரத்தினம் அண்ணன் பைக்குல ரோசாப்பூ மாலையோட வந்து எறங்கியிருக்காரு. எறங்கிப் பாத்தா சீனிச்சாமி மாமா வாசல்ல உக்காந்து வரக்காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காக. கொண்டாந்த மாலைய என்ன செய்யன்னு தெரியாம கழுத்துலயே போட்டு, நல்லாருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். நான் சிரிச்ச சிரிப்புல எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிடுச்சு. ஆனா மாமா சம்சாரம் இருளம்மா அத்தைக்குச் சிரிப்பு வரல. உசுரோட இருக்க மனுசனுக்கு மாலை வந்துருச்சுன்னு அழுது, அமாவாசைக்குக் கோயில்ல வெளக்குப் போடாம எம் புருசன் ஊரு எல்லையத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டாக. கூட்டம் அமாவாசைக்கு ரெண்டு நாளு முந்தி. உங்கப்பா போயி நின்னாக, அத்தை மூஞ்சி குடுத்துப் பேசல.

அப்பப் பேசுறது யாருன்னு கேள்வி வந்ததும் எல்லாரும் என்னையத்தான் பாத்தாக. நானும் சரின்னுட்டேன். இந்த வீட்டுல இருபத்தேழு வருசமா ரெண்டு பேரு பேச்சையும் நான்தான பேசுறேன், இதையும் பேசிட்டாப் போச்சுன்னு நெனச்சேன். நான் பேசுறது, உங்கப்பா லேப்டாப்புகிட்ட நின்னு பக்கத்தத் தள்ளுறது, அம்புட்டுதான் ஏற்பாடு. புதன்கிழமை போனோம். எங்களுக்கு முன்னால போன ஊர்க்காரவுக சிலைடும் காட்டி, அதுக்கு மேல சத்தமும் போட்டு, பத்து நிமிசமும் போச்சு. எங்க முறை வந்துச்சு. வெடிச்ச வயலு போட்டோ ரெண்டு, மடை போட்டோ ஒண்ணு, எல்லாம் எழுத்தே இல்லாம வெறும் படம். பொறவு ஒரு பக்கம் வந்துச்சு பாரு, அத அவிய எனக்கே காட்டல. வெள்ளப் பக்கத்துல ஒரே ஒரு வரி, நீலக் கலர்ல. பிளவக்கல் தண்ணீர்ன்னு ஆரம்பிக்கையில எழுத்து தலையணை தண்டி இருக்கு, போகப் போகச் சிறுக்குது, வாய்க்காலு ஓடி ஓடி மெலியிற மாதிரியே மெலிஞ்சு, வலது பக்கம் கடைசியில போயி எறும்பு தண்டி ஆயிருது. வேற அலங்காரமே இல்ல. அம்புட்டு நிழலும் வெளிச்சமும் கத்துக்கிட்டு வந்த மனுசன் அந்த ஒண்ண மட்டும் வச்சிருந்தாக.

இன்ஜினியரு முன்னால சாஞ்சு சாஞ்சு பாத்தாரு. இத யாரு செஞ்சது, கடைசியில என்ன எழுதியிருக்கு, கண்ணுக்கே தெரியலையே, பெருசாப் போட்டிருக்கக் கூடாதான்னு உங்கப்பாவப் பாத்துக் கேட்டாரு. திரைப் பக்கத்துல நின்னதால எனக்குத் தெரிஞ்சுச்சு, எங்கள் வயல்ன்னு எழுதியிருக்கு சார்னு நான் வாயெடுத்துட்டேன். உங்கப்பா என்னையப் பாத்து உக்காருன்னு கையக் காட்டுனாக. வந்து எங்கையில இருந்த மைக்க வாங்குனாக. மொத எழுத்துலயே நாக்கு நின்னு போச்சு. கழுத்து நரம்பு பொடைக்குது, கண்ணு மூடிக்கிடுச்சு, மைக்குல மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குது. பின்னால யாரோ ஒரு ஆளு சிரிக்க ஆரம்பிச்சு அவனே நிப்பாட்டிட்டான். எனக்கு அவிய சொல்ல வாறது என்னன்னு தெரிஞ்சு போச்சு, என் நாக்கு நுனியில வந்து நிக்குது, எடுத்துக் குடுத்தா ஒரு நொடியில முடிஞ்சிரும். என்னமோ அன்னைக்கு நான் முழுங்கிட்டேன். கல்யாணமானதுல இருந்து மொதத் தடவையா முழுங்கிட்டேன். செத்த நேரம் கழிச்சு வார்த்த வந்துச்சு. எங்க கண்ணுக்கும் தெரியல சார், தண்ணி, அப்படின்னு சொன்னாக. அஞ்சு வார்த்ததான். மைக்கத் திருப்பி எங்கையில குடுத்துட்டுப் போயி லேப்டாப்புகிட்ட நின்னுக்கிட்டாக.

பொறவு நான் ஒண்ணும் பேச வேண்டியே வரல. இன்ஜினியரு அந்தப் பக்கத்த மறுபடியும் போடச் சொல்லிப் பாத்தாரு, எழுதிக்கிட்டாரு. மறுநாளே ஆளுகளோட வந்து தல மடையில இருந்து நம்ம கடைமடை வரைக்கும் நடந்தாரு, மேக்க உள்ள மடைய அடைச்சு, இந்த முறை கடைமடையில இருந்துதான் தண்ணி பாயணும்னு சொல்லிட்டுப் போனாரு. சனிக்கிழமை காலையில வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. மேற்கு மூலையில ஒரு துண்டு பயிரு கருகிப் போச்சு, அது போனது போனதுதான், மத்ததெல்லாம் பொழச்சுக்கிடுச்சு. மேக்க உள்ளவுக மொறச்சுக்கிட்டுத்தான் திரியிறாக, அடுத்த முறைக்கு என்ன ஆகும்னு இப்பவே சொல்ல முடியாது. இருளம்மா அத்தை அமாவாசை வெளக்குப் போட்டுட்டு வந்து நமக்கும் துண்ணூறு குடுத்துட்டுப் போனாக. உங்கப்பா இப்ப ஊருக்குள்ள பெரிய ஆளு, காதுகுத்துப் பத்திரிகை போட நாலு பேரு கேட்டு வாராக. ஆனா யாரு பேரையும் வில்லா வளைக்கிறதில்ல.

அய்யா, வெந்நீர்ல குளி, காலுல சாக்ஸ ஈரத்தோட போடாத. பருப்புப் பொடியும் அதிரசமும் பார்சல் போட்டிருக்கேன், கூட இருக்க பிள்ளைகளுக்கும் குடு. ஒரு பழைய விசயத்தையும் சொல்லிருதேன், மனசுல வச்சுக்கிட்டே இருந்தா செமிக்கல. எட்டாவது படிக்கையில ஸ்கூல் மீட்டிங்குக்கு அப்பா வரவேண்டாம், அம்மா மட்டும் வான்னு நீ சொன்ன பாரு, பயக கேலி பண்ணுவாகன்னு. அவிய அன்னைக்குக் கதவுக்கு அங்கிட்டு நின்னாக. அதுக்குப் பொறவு ஒன் ஸ்கூல் வாசல்ல கால் வைக்கல. ஒன்னையச் சொல்ல எனக்கும் யோக்கியத இல்ல, இருபத்தேழு வருசமா அவிய வார்த்தையப் பாதியில பிடுங்குனது நான்தான், ஒத்தாசைன்னு நெனச்சுக்கிட்டே பிடுங்கியிருக்கேன்.

நம்ம அய்யனாரும் ஆண்டாத் தாயும் ஒனக்கு ஒரு கொறையும் வராமப் பாத்துக்கிடட்டும், நூறு வருசம் நல்லாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. அடுத்த தடவ சிக்னல் கெடச்சா எனக்குப் போடாத, உங்கப்பா நம்பருக்குப் போடு. அவிய எடுத்ததும் மொதல்ல ஒம் பேரத்தான் சொல்லுவாக, மொத எழுத்துலயே ரொம்ப நேரம் நிப்பாக. ஆமாப்பா நான்தான்னு அவசரப்பட்டு எடுத்துக் குடுத்துறாத. ஒம் பேரு முழுசா வந்து சேருற வரைக்கும் போனக் காதுல வச்சுக்கிட்டே இரு.

இப்படிக்கு,
ஒம் மேல உசுரா இருக்க அம்மா
சி. செல்வலட்சுமி
சுந்தரபாண்டியம்