முப்பத்தொன்றாம் பகுதிக்கு இரண்டு சாட்சிகள்

மார்ச் 4, சனி

காலையில் கடையில் ரகளை. போன வாரம் கண்ணாடி வாங்கிப்போன பள்ளி ஆசிரியை அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "இதப் போட்டுக்கிட்டுப் படி இறங்கினா தலை சுத்துதுங்க" என்றார். வலது லென்ஸை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தியிருக்கிறேன். பதினாறு வருஷமாக இதே வேலை. முதலாளி பார்த்தார், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெராக்ஸ் கடையின் பின்னறைக்குப் போய்விட்டால் எல்லாம் மறந்துபோகும். பத்தொன்பது வருஷ சனிக்கிழமைகள் அப்படித்தான் ஓடியிருக்கின்றன. பேப்பர் கட்டுகளுக்கு நடுவே நாலைந்து நாற்காலிகள், ஒரு டிவி, 'எங்கேயும் தீ இல்லை' தொடரில் ஒரு பகுதி. ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு தீயணைப்பு நிலையம், எத்தனை காத்திருந்தாலும் தீயே பிடிக்காது. நாங்கள் பத்து வயதில் பார்த்தது. ஸ்டேஷன் ஆபீசர் விறைப்பாக நின்று, "வரும். இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு வரும்" என்று சொல்லும்போது இன்றைக்கும் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

இன்று, எங்கள் கூட்டத்தில் ஏணி என்று கூப்பிடும் என் தோழி ஒரு புது ஆளைக் கூட்டிவந்தாள். கால்நடை மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்திருக்கும் டாக்டரம்மா. இவள் தன் பூனையை ஊசிக்குக் கொண்டுபோன இடத்தில் டாக்டர் நம் தொடரின் டைட்டில் இசையைச் சீட்டியடித்தாராம். ஏணி உருகிவிட்டாள். என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

டாக்டர் நல்லவர் மாதிரிதான் தெரிகிறார். அதுதான் எரிச்சல்.

மார்ச் 5, ஞாயிறு

ஏணி போன் செய்யவில்லை. வேலை இருந்திருக்கும். அவள் வேலைசெய்யும் ரத்தப் பரிசோதனை நிலையம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

மார்ச் 11, சனி

வயிறு எரிகிறது. இங்கேயாவது அதை அப்படியே எழுதலாம்.

எங்கள் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. தொடரில் வரும் தீயணைப்பு நிலையத்துச் சாமான்களின் பெயர்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் சைரன். அவர் சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். அவள் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் ஏணி. எதையும் சிந்தாமல் சேர்த்து வைப்பேன் என்று எனக்கு வாளி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். ஆனால் 'மணி' என்ற பெயரை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. தீ பிடித்தால் அடிக்கவேண்டிய அந்த மணிதான் தொடரில் கதாநாயகன். யாரும் தொடாமலே வருஷக்கணக்காகத் தொங்கும்.

இன்று ஏணி சொல்கிறாள், "டாக்டருக்கு மணின்னு வைக்கலாமா?"

சைரன் கைதட்டினார். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. டாக்டர் முப்பத்தொன்றாம் பகுதியைப் பார்த்திருக்கிறார்!

ஐம்பத்திரண்டு பகுதிகளில் நிஜமாகவே தீப்பிடிப்பது அந்த ஒன்றில் மட்டும்தான். ஒளிபரப்பியவர்கள் அதே நாடாவில் வேறு எதையோ பதிவுசெய்து அழித்துவிட்டார்கள். உலகத்தில் பிரதி இல்லை. அதைப் பார்த்தவர்களின் நினைவிலிருந்து காட்சி காட்சியாக எழுதிச் சேர்ப்பதுதான் எங்கள் நீல நோட்டு. அதற்கு ஒரு விதி உண்டு, நானே போட்டது. பார்த்தவர்கள் இரண்டு பேர் ஒரே காட்சியைச் சொன்னால்தான் நோட்டில் ஏறும், கீழே இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். இதுவரை பதினான்கு காட்சிகள். எல்லாவற்றிலும் இரண்டே கையெழுத்துகள்: என்னுடையது, ஏணியுடையது.

இந்த மாதக் கடைசியில் நோட்டைப் பிரதியெடுத்து மற்ற ஊர் ரசிகர்களுக்கு அனுப்பப் போகிறாராம் சைரன்.

மார்ச் 14, செவ்வாய்

மதியம் டீக்கடை வாசலில் ஏணியும் டாக்டரும். ஏணி கையை விரித்து எதையோ நடித்துக் காட்டுகிறாள், டாக்டர் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரிக்கிறார். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கென்ன, சக்களத்தியா வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

மார்ச் 18, சனி

நான் இன்று ஒரு அசிங்கம் செய்தேன்.

டாக்டர் ஒரு காட்சி சொன்னார். தீ எரிந்துகொண்டிருக்கும்போது தீயணைப்பு வண்டி டிரைவரின் பெண்டாட்டி ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வருகிறாள். ஆபீசர் அவளை நிறுத்தி, "வெளியாள் தண்ணியா? மொதல்ல ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடு" என்கிறார். அவள் எழுதத் தெரியாமல் கட்டைவிரலை நீட்டுகிறாள். மை இல்லை. மை வாங்க ஆள் போகிறது.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் கண்முன் வந்துவிட்டது. அந்தக் குடத்தின் நெளிசல்கூட. முப்பத்தெட்டு வருஷமாக எங்கே இருந்தது இது? உடம்பு சிலிர்த்தது. டாக்டர் என்னைத்தான் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லையே" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவர் முகம் சுருங்கியது. உடனே ஏணி, "எனக்கு இருக்கு டாக்டர். அந்தக் கட்டைவிரல்!" என்றாள். சைரன் நோட்டை நீட்டினார். பதினைந்தாவது காட்சி. இரண்டு கையெழுத்து. என்னுடையது இல்லை.

மார்ச் 21, செவ்வாய்

ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல யோசனை இல்லை.

இல்லாத ஒரு காட்சியைச் சொல்வேன். ஏணியைச் சந்தோஷப்படுத்துவதற்காக டாக்டர் "ஆமா ஆமா" என்று தலையாட்டுவார். கையெழுத்தும் போடுவார். அப்புறம் உண்மையை உடைத்தால் மணியின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

காட்சி இது: தீ என்று தெரிந்ததும் ஆபீசர் சலூன் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வருகிறார், ஒரு கன்னம் மழித்தாயிற்று, மறு கன்னத்தில் சோப்பு நுரை. சவரம் செய்பவர் கத்தியோடு பின்னாலேயே ஓடி வருகிறார்.

என்னடா இது, அசல் மாதிரியே இருக்கிறதே. கடையில் லென்ஸைத் தேய்த்துக்கொண்டே தனியாகச் சிரித்தேன். முதலாளி பார்த்தார்.

மார்ச் 25, சனி

சொன்னேன். நன்றாகவே சொன்னேன், கத்தியோடு ஓடியும் காட்டினேன்.

டாக்டர் கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு அப்படி ஒண்ணு ஞாபகம் வரல" என்றார்.

"எனக்கு இருக்கு!"

ஏணி.

"எடது கன்னம்தானே? நுரை காஞ்சு போயிருக்கும். நல்லா ஞாபகம் இருக்கு."

சைரன் சிரித்த சிரிப்பில் முன்னால் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏணி கையெழுத்துப் போட்டாள். பேனாவை என்னிடம் நீட்டியபோது என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள், பழைய புன்னகை. நான் மூன்று வாரமாக ஏங்கியது அதற்குத்தான்.

நானும் கையெழுத்துப் போட்டேன். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 26, ஞாயிறு

ஏணி வீட்டுக்குப் போனேன். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போர்வையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

"அந்தச் சவரம் சீன் உனக்கு நெஜமாவே ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா கையெழுத்துப் போட்டேன்?"

"அத நான் இட்டுக்கட்டினேன்டி."

போர்வையைப் பிழிந்தவள் அப்படியே நின்றாள். "எதுக்கு?"

"டாக்டர மாட்டிவிட."

"மாட்டினது நான்தான் போல" என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. "மூணு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தே. இதுக்காவது ஆமான்னு சொன்னா பழையபடி ஆயிடுவியேன்னு பாத்தேன்."

"அப்ப மத்த பதினாலும்?"

கொடியில் கிடந்த துணிகளை ஒதுக்கினாள். "நான் முப்பத்தொண்ணப் பாக்கவே இல்ல. அந்த வாரம் எங்க வீட்டு டிவி ரிப்பேர். மொத மொதல்ல பஸ்ல பேசினமே, அப்ப நீ 'பாத்தீங்களா பாத்தீங்களா'ன்னு கண்ண விரிச்சுக்கிட்டுக் கேட்டே. இல்லன்னு சொல்ல மனசு வரல. அப்புறம் நீ ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல எனக்கும் பாத்த மாதிரியே ஆயிடுச்சு."

"டாக்டர் சொன்னதுக்கும் தலையாட்டினியே?"

"நீ இல்லன்னதும் அவங்க மொகம் வாடிப்போச்சு. பாவமா இருந்துச்சு."

இதை எழுதும்போதும் சுடுகிறது. எனக்காகப் பொய் சொன்னாள் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை வந்திருந்தது. அந்தப் பொய்யை நேற்று வந்தவருக்கும் அதே கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்! அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என்ன ஜென்மம் நான்.

டாக்டருடைய காட்சி உண்மை என்றும், எனக்கு ஞாபகம் வந்தும் மறைத்தேன் என்றும் சொன்னேன். ஏணி என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டாள்.

"பத்தொம்பது வருஷமாப் பொய் சொன்னவ நான். ஆனா யாரையும் மாட்டிவிடறதுக்காகச் சொல்லலடி."

அப்புறம் போர்வையைத் தனியாகவே உதறினாள்.

மார்ச் 28, செவ்வாய்

நோட்டைப் பிரதியெடுக்க வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள் என்று சைரனிடம் போனில் சொன்னேன். ஏன் என்று கேட்டார். எழுத்துப்பிழை என்றேன். இன்னொரு பொய்.

ஏப்ரல் 1, சனி

எல்லார் முன்னும் சொன்னேன். குடத்துத் தண்ணீர் உண்மை, நான் மறைத்தேன். சவரம் பொய், நான் கட்டியது. ஏணிக்கு முன்பே சொல்லிக்கொடுத்து வைத்தேன் என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன், அவள் மானத்தைக் காப்பாற்ற.

சைரன் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னைக்கு என்ன தேதின்னு எனக்குத் தெரியாதா வாளி? யார ஏமாத்தப் பாக்கறே?"

ஏப்ரல் ஒன்று என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மறுபடி சொன்னேன். இன்னும் சத்தமாகச் சிரித்தார். மூன்றாம் முறை எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்போதுதான் நிறுத்தினார்.

ஏணி எழுந்தாள். "இவ எனக்கு ஒண்ணும் சொல்லித்தரல. முப்பத்தொண்ண நான் பாத்ததே இல்ல. பதினாறுலயும் என் கையெழுத்த அடிச்சிருங்க." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவு உயரமானவள் குனிந்துகொண்டு போனாள்.

டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தக் குடம் நெளிஞ்சிருந்துச்சா?"

"கழுத்துக்குக் கீழ. வலது பக்கம்" என்றேன்.

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, சனி

ஏணி வரவில்லை.

விதிப்படி பார்த்தால் நோட்டு காலி. சவரத்தைக் கிழித்தே போட்டோம். மற்றவை ஒற்றைக் கையெழுத்தோடு நிற்கின்றன. சைரன்தான் வழி சொன்னார். டாக்டர் முன்கடையில், நான் பின்னறையில். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியக்கூடாது. ஒரு மணி நேரம். பரிட்சையேதான்.

பத்துக் காட்சிகள் ஒத்துப்போயின. தீயைப் பார்த்ததும் ஆபீசர் தொப்பியைக் கழற்றி, விருந்தாளியை அழைப்பதுபோல "வாங்க வாங்க" என்பாரே, அதை டாக்டர் அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தார். நான் பார்த்ததைப் பார்த்த இன்னொரு ஆள் உலகத்தில் உண்டு, அது இந்த மனுஷிதான். இவரையா விரட்டப் பார்த்தேன்?

குதிக்கவேண்டும்போல் இருந்தது. யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது? அவளிடம்தானே சொல்வேன்.

ஏப்ரல் 12, புதன்

சர்க்கரை பார்க்கவேண்டும் என்று சாக்குச் சொல்லிப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். ஏணிதான் ரத்தம் எடுத்தாள். "கைய மடக்குங்க" என்றாள்.

மடக்குங்க! என்னிடம்!

"சனிக்கிழமை வாடி" என்றேன். பஞ்சை வைத்து அழுத்தினாள், கொஞ்சம் வலிக்கவே அழுத்தினாள். "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டாள்.

ஏப்ரல் 13, வியாழன்

சர்க்கரை இல்லை. முடிவைச் சொல்லப் போன் செய்தது அங்கே வேலைசெய்யும் வேறொரு பெண்.

ஏப்ரல் 15, சனி

ஐந்தேகால்வரை வரவில்லை. நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். ஐந்தரைக்கு வந்தாள்.

டாக்டர் என் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். "நீங்க உக்காருங்க, எழுந்திரிக்காதீங்க" என்று அவரை உட்காரவைத்துவிட்டு, ஒரு பேப்பர் கட்டை எங்கள் எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் முப்பத்தொண்ணு பாக்காதவ. பாத்தவங்க ரெண்டு பேரும் மொதல்லேருந்து சொல்லுங்க, கேக்கறேன்."

டாக்டர் குடத்துத் தண்ணீரைச் சொன்னார். ஏணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு எரியவில்லை என்று எழுதினால் பொய். எரிந்தது. அதற்கு மேலே போகவேண்டும் என்று எனக்கு உயிரான காட்சியை எடுத்தேன். டிரைவர் சாவியைக் காணாமல் இருட்டில் தேடுவதுபோலத் தடவுகிறார், பின்னால் ஊரே எரிந்து வெளிச்சமாக இருக்கிறது. எழுந்து நின்று நடித்தேன். இதற்கு ஏணி சிரித்துச் சிரித்துப் புரையேறியதை நூறு தடவையாவது பார்த்திருக்கிறேன்.

இன்று கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"இதுல என்னடி சிரிப்பு இருக்கு? எனக்கு எப்பவுமே புரிஞ்சதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷமே ரோஷம் வந்து, வெளிச்சத்தில் இருந்துகொண்டு தடவுவதுதான் சிரிப்பு என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் இல்லை என்றாள். அவள் என்னிடம் இல்லை என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. டாக்டர் என் பக்கம் சேர்ந்தார், அதற்கும் இல்லை என்றாள். சைரன் கடையைப் பூட்டும்வரை நாங்கள் சண்டைபோட்டோம். தெருவில் நடந்துபோகும்போதும் போட்டோம். கடைசிவரை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.