சல்லடையில் சிக்கிய பட்டு நூல்

என் விரல்களிலிருந்து பழைய இன்ஜின் ஆயில் வாசம் இன்னும் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். நீங்கள் சாப்பிட உட்காரும்போது உங்கள் கையிலிருந்து வருமே, அதே வாசம். அப்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இன்று முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். காலையில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஓரிக்கையில் நம் நிலத்துக்கு அடுத்த கழனியை உழுதுகொண்டிருந்தேன். ஆமாம், நான்தான். நீங்கள் போன பிறகு நம் பழைய டிராக்டரை ஓட்டக் கற்றுக்கொண்டேன். வாடகைக்கு உழப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாதே. பாதிக் கழனி முடிந்திருக்கும். ஆயில் பிரஷர் மீட்டரின் முள் மெல்லச் சரிந்து அடியில் போய்ப் படுத்துவிட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. சட்டென்று இன்ஜினை நிறுத்திவிட்டேன்.

வரப்பில் நின்றிருந்த உங்கள் தம்பிக்கு ஒரே சிரிப்பு. "இன்னா அண்ணி, நடுவுல நிறுத்திட்டீங்க? அது அரதப் பழசு மீட்டரு, அப்பப்ப படுத்துக்கும். வண்டி நல்லாத்தான ஓடிக்கினு இருந்துச்சி? பாதிதான் இருக்குது, முடிச்சிடுங்க."

நீங்கள் பேசுவது போலவே இருந்தது. "மீட்டரையே பாத்துக்கினு இருந்தா ரோட்ட யாரு பாக்கறது?" என்பீர்கள். நான் பக்கத்து மட்கார்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "ஏதோ சத்தம் வருதுங்க" என்றால் போதும். "உன்னக் கட்டிக்கினதுக்கு ஒரு மொசலக் கட்டிக்கினு இருக்கலாம்" என்று சிரிப்பீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். உங்கள் வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்றுதான் பேர். என் பயத்தை நானே ஒரு வியாதி என்று நினைத்திருந்தேன்.

ஆனால் இன்று என் கை சாவிப் பக்கமே போகவில்லை. பாய்க்குப் போன் போட்டேன். உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே டீ குடிப்பாரே, அந்த மெக்கானிக் பாய்தான். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

முதலில் டிப் ஸ்டிக்கை உருவினார். ஆயில் அளவு சரியாக இருந்தது. இரண்டு விரலில் தேய்த்து முகர்ந்தார். டீசல் கலந்து நீர்த்துப்போகவும் இல்லை. பிறகு தான் கொண்டுவந்த மீட்டரை இன்ஜினில் மாட்டி ஓடவிட்டார். அந்த முள்ளும் முதலில் ஏறி நின்று, கொஞ்ச நேரத்தில் சரிந்தது.

"உங்க மீட்டரு பொய் சொல்லலம்மா" என்றார்.

"அப்ப பேரிங்கு போச்சா பாய்?" என்றார் உங்கள் தம்பி. இப்போது அவர் முகத்திலும் சிரிப்பில்லை. பேரிங் தேய்ந்திருந்தால் இன்ஜினையே பிரித்துப்போட வேண்டும். அதற்கு நம்மிடம் வழியில்லை. வண்டி காயலான் கடைக்குத்தான் போகும். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாய் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பீடி பிடித்தார். பீடி தீர்ந்ததும் மறுபடி ஸ்டார்ட் செய்தார். முள் ஜம்மென்று எழுந்து நின்றது.

"சூடு இன்னும் ஆறல. பேரிங்கு தேஞ்சிருந்தா சூட்டுல முள்ளு இப்பிடி ஏறாது. அடியில எதுவோ போய் அடைச்சிக்குது. நிறுத்துனா விலகுது, ஓட்டுனா மறுபடி வந்து அடைக்குது" என்றவர், ஆயிலை வடித்துவிட்டு அடித்தட்டைக் கழற்றினார்.

உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. குளியலறைச் சாக்கடையில் முடி அடைத்துக்கொள்வது போல அதில் நூல் அடைத்திருந்தது. பாய் டீசலில் அலசிக் காட்டினார். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை.

"இன்னாம்மா, இன்ஜினுக்குள்ள முகூர்த்தப் பொடவ நெய்யறீங்களா?"

நான் சிரிக்கவில்லை. அந்த அரக்கு எனக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் என் அண்ணன் தறியில் ஓடிய நூல். கடையில் வண்டி துடைக்கும் பனியன் வேஸ்ட் வாங்க உங்களுக்கு மனசு வராது. நான் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், "தறியாண்ட அறுத்துப் போட்ட நூல அள்ளிக்கினு வா" என்பீர்கள். நானும் மஞ்சள் பை நிறைய அள்ளிவருவேன். தூசி போகக்கூடாது என்று அதைப் புனலில் அடைத்து, அதன் மேல்தான் ஆயில் ஊற்றுவீர்கள். "உன் சக்களத்திக்கும் பட்டு வேணாவா?" என்று டிராக்டரைக் காட்டி என்னைச் சீண்டுவீர்கள். துண்டு நூல்கள் ஆயிலோடு இறங்குவதைப் பார்த்து ஒருநாள், "நூலு உள்ள போவுதுங்க" என்றேன். "பட்டு நூலு இரும்ப இன்னா பண்ணிடும்?" என்றீர்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த முறை இன்னொரு பை கொண்டுவந்து கொடுத்தேன்.

சல்லடையைத் துடைத்து மாட்டிக்கொண்டே பாய் சொன்னார், "இன்னும் பத்து நிமிஷம் ஓட்டியிருந்தீங்கன்னா இன்ஜின் இறுகிப் போயிருக்கும். நீங்க பயந்து நிறுத்துனதாலதான் தப்பிச்சிது."

என் பயத்தை ஒருவர் மெச்சிக் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வண்டி பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று உங்கள் தம்பி நினைத்துக்கொண்டார்.

நீங்கள் கண்ணை மூடிய அன்று காலை, மார்பைத் தேய்த்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தீர்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றேன். "வாயுதான். ஒரு சோடா வாங்கியா, போதும். ஊரக் கூட்டாத, மொசலு" என்று சிரித்தீர்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சோடா வாங்கத்தான் போனேன். தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. அதைத் தாண்டித்தான் கடைக்குப் போனேன்.

சாயந்திரம் மீதிப் பாதியையும் உழுது முடித்தேன். முள் நேராக நின்றது. இருந்தும் பயம் விடவில்லை. நானும் அதை விரட்டவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதைவிட என் மேல் அதிகம். இனி யார் சிரித்தாலும் இந்தப் பயம் என்னோடுதான் இருக்கும். அன்று அந்த ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட அது எவ்வளவோ துடித்தது. நான்தான் அதன் வாயைப் பொத்திவிட்டேன்.