சுழி அல்ல, கட்டி

செவ்வாய்க்கிழமை, இரவு.

அறந்தாங்கி சேகர் தன் பெண்குதிரையை விற்றுவிட்டார். இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பந்தயத்தில் ஓடிய குதிரை. சில மாதங்களாகப் பருவத்துக்கே வரவில்லை. ஆண்குதிரை போலக் கனைத்தது, மற்றக் குதிரைகள் மேல் ஏறியது, ஆட்களைக் கடித்தது. "சுழி சரியில்ல டாக்டர்" என்றார் சேகர். போன வாரம் போய், ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்த்தேன். இடது சினைப்பை தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கட்டிதான், சந்தேகமே இல்லை. அறுவை செய்து எடுத்தால் பழைய குணம் திரும்பிவிடும். ஆனால், "கட்டி மாதிரி தெரியுது, ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று காலை ஸ்கேனுக்கு நாள் வாங்கிக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

"அத நேத்தே கொடுத்தாச்சுங்க. கறம்பக்குடிப் பக்கம் போயிருச்சு."

"வாங்குனவர்கிட்ட கட்டி இருக்குன்னு சொன்னீங்களா?"

"நீங்களே உறுதியாச் சொல்லலையே டாக்டர். நான் என்னன்னு சொல்றது?"

வாங்கியவரின் நம்பரைக் கேட்டேன், தரவில்லை. கறம்பக்குடியில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் விசாரிக்கச் சொன்னேன். மாலையில் அவர் கூப்பிட்டார். குதிரை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, நாளைக் காலை போகிறேன். கடிக்கிறது என்று அதன் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்களாம்.

தண்ணீர் காட்டும்போதாவது அவிழ்க்கிறார்களா என்று கேட்காமல் போனை வைத்துவிட்டேன்.