கூறை மாற்றிய இருபத்தைந்து நிமிடம்

வட்டக்கச்சி
மாசி 18

அன்பு மகள் சுதாஜினிக்கு,

அம்மா எழுதுவது. அம்மாளாச்சி புண்ணியத்தில் நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம். நோர்வேயில் நீ சுகமாக இருப்பதாக நீயே சொல்லிக்கொண்டிருப்பதால் அதை நான் தனியாகக் கேட்கத் தேவையில்லை. போன ஞாயிறு தொலைபேசியில் "சுகம் அம்மா" என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் மூன்று தரம் மூச்சு எடுத்தாய், அவ்வளவு சுகம். பின்னால் கேட்ட விசில் சத்தம் என்ன என்று கேட்டால் கேத்தில் கொதிக்கிறது என்றாய். நெஞ்சுக்குள் கேத்தில் வைத்துக் கொதிக்கவைக்கும் இந்தக் கெட்டித்தனம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை, என்னிடமிருந்துதான்.

இங்கே காலபோக அறுவடை முடிந்தது. நெல் வெட்டும் மெசின் நம் பக்கத்தில் மூன்று நாள் நின்றது, ஊர் முழுக்கத் தூசி, அப்பா வாயைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு கள்ளன் மாதிரித் திரிந்தார். சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், பசுக்கன்று இல்லை, நாம்பன். ஒவ்வொரு அறுவடைக்கும் நீ கட்டில் விளிம்பில் குனிந்து, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, தோள் ஏறி இறங்க, மூச்சு முட்டிக்கொண்டு இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா மோட்டார் சைக்கிளில் உன்னை நடுவில் வைத்து, பின்னால் நான் பிடித்துக்கொண்டு, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு எத்தனை ஓட்டம் ஓடியிருப்போம். ஆனால் உன்னைக் காப்பாற்றியது தன்னுடைய தூதுவளைச் சாறுதான் என்று கமலாட்சி மாமி இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். ஆஸ்பத்திரியில் ஏற்றிய ஒட்சிசன் எல்லாம் சும்மா பக்கவாத்தியமாம்.

உனக்குப் பதினான்கு வயதில் கிளினிக் தாதி மிஸ்ஸி சொன்னது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. மருந்து இழுக்கும் மண்ணிறப் பம்ப் ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும், முட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். நீலப் பம்ப் முட்டு வரும்போது மட்டும், அது அடிக்கடி தேவைப்பட்டால் வருத்தம் கைமீறுகிறது என்று அர்த்தம். நீ என்ன செய்தாய்? மண்ணிறத்தை எட்டு மாதமாக விட்டுவிட்டாய், நாளாந்தம் வாய் கொப்பளித்தால் மனுசன் ஏன் என்று கேட்பாராம். நீலத்தைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேளாமல் இழுக்கிறாயாம். இதைத் தீபாவளிக்குக் கதைத்தபோது ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரி எனக்குச் சொன்னாய். முட்டு இல்லாத நாளில் மருந்து எதற்கு என்று வேறு கேட்டாய். மழை இல்லாத நாளில்தானே கூரை மேய்கிறது, பிள்ளை.

உன்னை மட்டும் சொல்லி என்ன, வழி காட்டியவள் நான். வவுனியாவிலிருந்து வந்த முதல் சம்பந்தத்துக்கு உண்மையைச் சொன்னோம், ஊற்றிய தேத்தண்ணீர் ஆறுவதற்கு முன்னம் எழும்பிப் போனார்கள். அடுத்த சம்பந்தம் வந்தபோது கமலாட்சி மாமி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய் "வாயை மூடிக்கொண்டு இருங்கோ மச்சாள், கலியாணம் முடிஞ்சால் எல்லாம் சரியாப் போகும்" என்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள், நான் சிக்கனக்காரி, ஒரேயொரு பொய்யோடு முடித்துவிட்டேன். கலியாணத்தன்று ஐயர் ஓமத்துக்கு நெய்யை அள்ளி ஊற்ற, மண்டபம் முழுக்கப் புகை, உனக்கு இழுக்கத் தொடங்கியது. நல்ல காலம், கூறை மாற்றும் நேரம் வந்தது. எல்லாப் பொம்பிளையும் பத்து நிமிடத்தில் மாற்றிவரும் கூறையை நீ இருபத்தைந்து நிமிடம் மாற்றினாய். நான் கதவைப் பூட்டிவிட்டு, பூக்கூடைக்குள் இருந்த பம்பை எடுத்து உன் வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியில் ஐயர் முகூர்த்தம் போகுது என்று கத்துகிறார். நீ முகம் சிவந்து, கண் கலங்கி, தலையைக் குனிந்துகொண்டு வந்து மணவறையில் இருந்தாய். பொம்பிளைக்கு நல்ல வெட்கம் என்று சபை மெச்சியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நானும் பெருமைப்பட்டேன்.

போன மாதம் நீ பனிக்குள் பஸ்ஸுக்கு ஓடி விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் இருந்து மருமகன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "மாமி, இஞ்ச டொக்டர் கேக்கிறார், சுதாவுக்குச் சின்னனில முட்டு ஏதும் இருந்ததோ? அவ இல்லையெண்டு தலையாட்டுறா" என்றார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி, அவளுக்குச் சளித் தடிமன்தான் கொஞ்சம் கூட" என்றேன். நீ அங்கே முகமூடி போட்டு மூச்சுக்குத் திண்டாடுகிறாய், நான் இங்கே குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறேன். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா வாசலில் நிற்கிறார். நாலு நாளுக்கு ஒரு சொல் பேசும் மனுசன், "பொய் சொல்லிக் கலியாணம் செய்து வைச்சம், சரி. பொய் சொல்லிச் செத்தவீடும் செய்யப்போறீரோ" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நான் குசினிக்குள் போய் அழுதேன். வெங்காயம் உரித்தேன் என்று சொல்லவும் அன்றைக்கு வீட்டில் வெங்காயம் இருக்கவில்லை. எனக்குப் பயம் பிள்ளை, நான் சொன்ன பொய்யே உன்னைக் கொண்டுபோய்விடும் என்று பயம். அதற்குப் பிறகு மருமகனுக்கு மூன்று தரம் எடுத்தேன், அவர் "சுகமோ மாமி" என்று அன்பாகக் கேட்டவுடன் என் நாக்கு "சுகம் தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. நீயோ டொக்டர் எழுதித் தந்த, மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனையை இரண்டு தரம் தள்ளிப் போட்டுவிட்டாயாம்.

ஆகவே நீ ஏசப்போகும் காரியம் ஒன்று செய்கிறேன். முன்வீட்டுத் தங்கராசா அண்ணையின் மகன் திலீபன் வியாழக்கிழமை ஒஸ்லோவுக்குப் பறக்கிறான். மிளகாய்த்தூளையும் ஒடியல்மாவையும் உன்னிடம் கொடுத்துவிட்டு, கடிதத்தை மட்டும் மருமகன் நிரஞ்சனின் கையில் கொடுக்கும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன். உறையிலும் அவர் பெயர்தான் எழுதியிருக்கிறேன். நீ இதை வாசிக்கும்போது அவர் வாசித்து முடித்துவிட்டு உனக்கு எதிரில் கதிரையில் இருப்பார்.

மருமகன், அவளுக்கு ஏழு வயதிலிருந்து ஆஸ்துமா. ஏசுவதென்றால் எனக்கு எடுத்து ஏசுங்கள், நான் வைக்காமல் கேட்பேன். அவளை ஏசாதீர்கள், மறைக்கச் சொல்லிக் கொடுத்தது நான். நீலப் பம்ப் அவள் ஒருநாளும் போடாத சிவப்புக் குதிச் சப்பாத்துக்குள் இருக்கிறது, அதை எடுத்துக் கட்டில் தலைமாட்டில் வையுங்கள். முட்டு வந்தால் படுக்க விடாமல் நிமிர்த்தி இருத்துங்கள், பம்பைக் குலுக்கி, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிவைத்த பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி ஒவ்வொன்றாக இழுக்கச் சொல்லுங்கள். பத்துத் தரம் இழுத்தும் அடங்காவிட்டாலோ, ஒரு வசனம் பேச முடியாமல் திணறினாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அவள் வேண்டாம் என்று கையைக் காட்டுவாள், கேட்க வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒளிப்பு மறைப்பு இல்லாமல் நூறு வருடம் வாழ அம்மாளாச்சியை வேண்டுகிறோம். பங்குனி பன்னிரண்டாம் திகதி பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். டொக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். அப்போது எனக்கு எடுங்கள், தம்பி. இந்த முறை ஓம், இருந்தது என்று சொல்கிறேன்.

மகளுக்கு அம்மா, உங்களுக்கு மாமி,
சிவனேஸ்வரி பாலன்