வெறும் பக்கத்தில் என் கையெழுத்து

ஜூன் 2, ஞாயிறு

எழுதி வைத்துக்கொள்கிறேன், பின்னால் மறந்துவிடக் கூடாது. பெரிய பேரன் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர் ஆகிவிட்டான். அவன் தங்கை, எங்கள் சட்டக்காரி, வக்கீல் ஆபீசில் தனி மேஜை வாங்கிவிட்டாள். சபை, அறக்கட்டளை என்று எவர் பேப்பர் சிக்கலானாலும் இவளிடம்தான் அனுப்புகிறார்களாம். மகள் வீட்டுப் பையன் நீச்சலில் இரண்டாவது. முதலில் வந்தவன் இவனைவிட ஒரு முழம் உயரம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா? கடைக்குட்டி ஒன்றாம் வகுப்பிலேயே பத்திரிகைத் தலைப்பை வாசிக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஆராதனை முடிந்து நாலு பேரிடம் சொன்னேன். ஐந்தாவது ஆள் என்னைப் பார்த்ததும் செருப்பைத் தேடிப் போய்விட்டார்.

இன்று கமிட்டிக் கூட்டம். ஜெபம் முடிந்ததும் தீர்மானப் புத்தகம் வழக்கம்போல முதலில் என்னிடம் வந்தது. புதுப் பக்கத்தின் அடியில் கையெழுத்து போட்டேன். மற்ற ஆறு பேரும் போட்டார்கள். கூரை ஒழுகுவதைப் பேசினோம், மைக் கரகரப்பதைப் பேசினோம். நான் பன்னிரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். செயலாளர் வீட்டில் உட்கார்ந்து மேலே எல்லாம் எழுதிக்கொள்வார். முத்து முத்தான எழுத்து அவருக்கு.

பாஸ்டர் தலைமை அலுவலகத்தில் ஒரு நாள் வகுப்புக்குப் போய் வந்திருக்கிறார். சபையை நடத்துகிறவர்களுக்குச் சட்டம், கணக்கு, நிர்வாகம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்களாம். ஆளுக்கொரு வழிகாட்டிப் புத்தகம் கொடுத்தார். "இனிமே எல்லாம் முறைப்படிதான்மா." நல்ல கெட்டி அட்டை. தையல் மெஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தேன். இப்போது ஆடவில்லை.

ஜூன் 6, வியாழன்

பாடகர் குழுவுக்கு ஆறு அங்கி முடித்துவிட்டேன். எல்லோருக்கும் வயிறு வளர்ந்திருக்கிறது. ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை, அளவு நாடா சுருங்கிவிட்டதாம்.

ஜூன் 11, செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணினால் கோணட்டும்.

காலையில் சாவிக்காரி வந்தாள். ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, பூட்டித் திறக்கிறவள். இருபத்திரண்டு வருடமாகப் பின்கட்டு இரண்டு அறையில் குடியிருக்கிறாள். இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை. இன்று அது இல்லை. வாசலுக்கு வெளியேயே நின்றாள்.

"உள்ள வாயேன்."

"இல்ல பெரியம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நீங்களுமா?"

கையில் இரண்டு தாள். ஒன்று பாஸ்டரின் கடிதம்: வேலை முடிந்தது, மாதக் கடைசிக்குள் அறைகளைக் காலி செய்ய வேண்டும். இன்னொன்று தீர்மானப் புத்தகத்துப் பக்கத்தின் நகல். கூரை, மைக், பெஞ்சு என்று வரிசையாக வந்து ஏழாவதாக இது: "ஆலயப் பணியாளரைப் பரஸ்பர சம்மதத்துடன் பணியிலிருந்து விடுவித்து, பின்கட்டு அறைகளை ஒளிபரப்பு அறையாக மாற்ற ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அதற்கு அடியில் முதல் கையெழுத்து என்னுடையது. கடைசி எழுத்தில் நான் போடும் சுழி கூடப் பிசகாமல்.

"நீ சம்மதிச்சியா?"

"எங்கிட்ட யாரு கேட்டாங்க? அந்தக் கடிதம் வந்தப்பதான் எனக்கே தெரியும். சரி, அவங்க பண்ணட்டும். உங்க கையெழுத்தைப் பாத்ததும்தான் பெரியம்மா எனக்கு..."

முடிக்கவில்லை, போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போன முதல் ஆள்.

அந்தக் கூட்டத்தில் அவள் பேச்சே எழவில்லை! சத்தியமாக எழவில்லை!

ஜூன் 12, புதன்

செயலாளர் வீட்டுக்குப் போனேன். பாங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், எனக்குத் தம்பி மாதிரி. இனி அந்த "மாதிரி"யும் வேண்டாம்.

"எப்போ பேசினீங்க தம்பி இதை?"

"நீங்க பஸ்ஸுக்குப் போன பிறகுக்கா."

"யாரு யாரு?"

கண்ணாடியைத் துடைத்தார். "பாஸ்டரும் நானும். படிக்கட்டுல நின்னு."

"ரெண்டு பேரு படிக்கட்டுல பேசினது ஏகமனதா?"

"எல்லாரும் கையெழுத்து போட்டிருந்தீங்களேக்கா. கையெழுத்துக்கு மேல இடமும் இருந்தது."

இடமும் இருந்ததாம்! துணி மிச்சம் இருக்கிறது என்று ஊரான் சட்டைக்கு நான் மூன்றாவது கை வைத்துத் தைப்பேனா?

அடுத்துச் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. "இந்த வழக்கத்தை ஆரம்பிச்சதே நீங்கதானக்கா. முதல்லயே கையெழுத்த வாங்கிக்கோங்க, பஸ் போயிடும்னு சொன்னது யாரு?"

நான்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால். சட்டக்காரிக்கு அப்போது ஞாயிற்றுக்கிழமையும் தனி வகுப்பு. அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோக அந்த பஸ்ஸை விட்டால் வேறு இல்லை. அவள் படிப்பு முடிந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. கையெழுத்து மட்டும் முன்னாலேயே போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 13, வியாழன்

சட்டக்காரியிடம் போனில் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"வெத்துப் பக்கத்துலயா பாட்டி? பதினோரு வருஷமா?"

"கத்தாதடி."

"கத்தல பாட்டி. கிளையன்ட் யாராவது இப்படிச் செஞ்சிருந்தா நாங்க ஆபீஸ்ல என்ன சொல்லிச் சிரிப்போம் தெரியுமா?"

"நல்லா சிரி. உனக்குச் சாப்பாடு கொண்டு வரத்தான்டி அந்தக் கையெழுத்தை அவசர அவசரமா போட்டேன்!"

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. "நான் வரட்டுமா பாட்டி?" என்றாள். வா என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவளே சொன்னாள்: "நான் வந்து பேசினா, வக்கீல் பேத்தியக் கூட்டிட்டு வந்து மிரட்டறாங்கன்னுதான் ஆகும். கூட்டத்துல இருந்தது நீங்க. அதைப் பேசலன்னு நீங்க சொன்னாதான் செல்லும். உங்களுக்கு ஒரு வழிகாட்டி குடுத்தாங்களே, அதை வாசிச்சீங்களா?"

மெஷின் காலுக்கு அடியில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 15, சனி

எடுத்துவிட்டேன். மெஷின் ஆடுகிறது, ஆடட்டும். அட்டையில் காலின் தடம் வட்டமாகப் பதிந்திருக்கிறது.

ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது எனக்கு. விரல் வைத்து வாசிக்கிறேன். கணக்குப் பகுதியைத் தள்ளிவிட்டேன், அது பொருளாளர் பாடு. கூட்டம் நடத்துவது பற்றிப் பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது: பேசியதை மட்டுமே தீர்மானமாக எழுத வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்து, சரிதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது செல்லும். தவறு இருந்தால் எந்த உறுப்பினரும் எழுந்து சொல்லலாம். சொன்னதை அப்படியே பதிய வேண்டும். இருபத்தாறில்: பணியாளர் எவருக்கும் நியமனக் கடிதம் இருக்க வேண்டும். விலக்குவதற்கு முன் அவரை அழைத்துக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் அச்சில் இருக்கிறது! இதே புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷர் "முறைப்படி" என்றார். வேலையை விட்டு எடுக்கத் தீர்மானம் வேண்டும் என்கிற வரி மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அடுத்த வரி படவில்லை.

நான் மட்டும் என்ன? அளவு எடுக்காமல் இதுவரை ஒரு துணி வெட்டியதில்லை. எழுத்தே இல்லாத பக்கத்தில் நூற்று முப்பது தடவை கையெழுத்து போட்டிருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பையில் ஆப்பிள். இளவயசு, கெட்ட ஆள் இல்லை, அவசரக்காரர். ஒளிபரப்பு ஆரம்பித்தால் நூறு வீட்டில் நம் ஆராதனை கேட்கும் என்கிறார். கேட்கட்டும். அதற்கு ஒருத்தியின் அடுப்பையா அணைக்க வேண்டும்?

"அம்மா, கூட்டத்துல இதைக் கிளப்பாதீங்க. கிளப்பினா பதினோரு வருஷத் தீர்மானம் எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. உங்க பேருதான் முதல்ல கெடும்."

"அவ எங்க போவா?"

"ஏதாவது உதவி பண்ணலாம்மா. ஜெபிக்கிறோம்."

"நீங்க ஜெபிங்க. அவ எங்க போவா?"

அறைகளை மாதக் கடைசியில் எடுக்க வேண்டாம், அடுத்த கூட்டம் வரை சாவியும் மணியும் அவளிடமே இருக்கட்டும் என்று அந்த மட்டில் வாங்கிக்கொண்டேன். ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்தேன். படியில் இறங்கும்போது பாவமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 23, ஞாயிறு

சாவிக்காரி மணியடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 6, சனி

நாளைக்குக் கூட்டம். என்ன பயம் எனக்கு? பேசத் தெரியாதா? ஊர் வாயெல்லாம் அடைக்கிற வாய் இது.

பயம் அதற்கில்லை. படித்தவர்கள் ஆறு பேர் நடுவில், "நான் வாசிக்காமல் போட்டேன்" என்று சொல்ல வேண்டும். கையெழுத்து அழகாக இருப்பதால் நான் எட்டாவதாவது படித்திருப்பேன் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். நானும் அதை மறுத்ததில்லை.

ஜூலை 7, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜெபம் முடிந்தது. புத்தகம் என்னிடம் வந்தது. பேனாவும் வந்தது. நான் எடுக்கவில்லை, பக்கத்தில் தள்ளிவிட்டேன். செயலாளர் எழுந்து, எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "சென்ற கூட்டத் தீர்மானங்கள் வாசிக்கப்பட்டதாகக் கருதி..."

"கருத வேணாம் தம்பி. வாசிங்க."

"நேரம் ஆகுமேக்கா. உங்க பஸ்—"

"பஸ் போகட்டும்."

வாசித்தார். ஆறு வரை குரல் நன்றாக இருந்தது. ஏழில் தொண்டைக்குள் போய்விட்டது.

"சத்தமா," என்றேன்.

வாசித்தார். பொருளாளராக இருக்கும் மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இது எப்ப பேசினோம்?"

பாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதுல முதல் கையெழுத்தே நம்ம அம்மாவோடதுதான்."

எழுந்தேன். "ஆமா, என்னோடதுதான். நான் போட்டப்ப அந்தப் பக்கம் வெள்ளையா இருந்தது. அன்னிக்கு மட்டும் இல்ல, பதினோரு வருஷமா வெள்ளையாத்தான் இருந்தது. அந்தக் கேடுகெட்ட வழக்கத்தைக் கொண்டு வந்தவ நான். ஆனா அந்தப் பொண்ணு பேச்சு இந்த மேஜையில வரல. அவளக் கூப்பிட்டும் கேக்கல. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கோங்க. பதினெட்டாம் பக்கம் பாருங்க, எழுதித்தான் ஆகணும்."

பொருளாளர் வழிகாட்டியில் பதினெட்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

பிறகு மருந்துக்கடைக்காரர், "நானும் வெள்ளையிலதான் போட்டேன்" என்றார். அவருக்கு அடுத்தவரும் சொன்னார். கடைசியில் செயலாளரே தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் எழுதினேன், எழுதியிருக்கக் கூடாது" என்றார். ஏழாவது நீக்கப்பட்டது. சாவிக்காரிக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று புதிதாக ஒன்று. எழுதி, வாசித்து, அதன் பிறகு கையெழுத்து. நான் கடைசியாகப் போட்டேன். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தேன். எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள், வேறு வழி?

பாஸ்டர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

ஜூலை 21, ஞாயிறு

ஆண்டுப் பொதுக்கூட்டம். புது நிர்வாகக் குழு எடுத்தார்கள். என் பெயரை மருந்துக்கடைக்காரர் சொன்னார். கை தூக்கியவர்களை நானே எண்ணினேன்: ஒன்பது. உள்ளே போகக் குறைந்தது இருபது வேண்டும்.

பின்வரிசையில் ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "பேத்தி வக்கீலாம், பாட்டி கைநாட்டாம்."

நானா கைநாட்டு? என் கையெழுத்தைப் போல இவள் ஒரு கோலம் போடுவாளா? அவள் மகள் கல்யாண ரவிக்கையை ஒரே நாளில் தைத்துக் கொடுத்தவள் நான்! அடுத்த தடவை வரட்டும், அக்குள் இறுக்கமாக வைக்கிறேன்.

வைக்க மாட்டேன். ஆனால் எழுதவாவது செய்கிறேன்.

சட்டக்காரியிடம் சொன்னபோது, "ஒன்பது பேரு இருந்தாங்களே பாட்டி" என்றாள். கணக்குத் தெரியாதவள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், நுழைவாயில் பலகையில் "நிர்வாகக் குழு" என்ற தலைப்புக்குக் கீழே இன்னும் பழைய போட்டோ. நடுவில் நான், புதுச் சேலையில், ஆட்சியே என்னுடையது என்கிற மாதிரி.

சாவிக்காரியைக் கூப்பிட்டேன். இடுப்பில் கொத்து குலுங்க வந்தாள்.

"அந்தக் கண்ணாடியத் திற. போட்டோவை எடு."

"ஏன் பெரியம்மா? அழகாத்தானே இருக்கீங்க?"

"நான் இல்லாத குழுவுக்கு என் மூஞ்சி எதுக்கு? அவங்க என்ன எழுதினாலும் மேல நான் சிரிச்சுக்கிட்டு இருக்கணுமா?"

சரியான சாவியை எடுக்கக் கொத்தைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. படத்தை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். பன்னிரண்டரை பஸ் போய்விட்டது. "வாங்க, அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆகும்" என்று பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள், முழுக்கக் குடித்தேன். சுவரில் நியமனக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். கல்யாணப் போட்டோவைவிடப் பெரிய சட்டம்.

அங்கேயே உட்கார்ந்து செயலாளருக்கு ஒரு சீட்டு எழுதினேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு, கடைசி வரிக்கு ஒட்டினாற்போல, இடையில் ஓர் எழுத்துக்கும் இடம் விடாமல் கையெழுத்து போட்டேன்.

"தம்பிக்கு. பலகையில் இருந்த பழைய படத்தை நான் எடுத்துக்கொண்டேன். புதுக் குழுவை நிறுத்திப் புதுப் போட்டோ எடுத்து, அடுத்த ஞாயிறுக்குள் ஒட்டவும்."